வெள்ளைக்கண்ணிக்கு எல்லை கண்ட பூரணி அம்மையாருக்கு

மூடுபனியிலும் முதுகின் நிறம் பார்த்து முடிவு சொன்ன முதுநிலை ஆய்வாளரே! கினிகத்தேனைக் கடைத்தெரு முதல் நானுஓயா மேட்டுமலை வரை குடையும் கையுமாய் நடந்து, குருவிக்கூட்டத்தின் குடியிருப்பை வகுத்துரைத்த குணவதியே! அறுபது வயதிலும் அட்டைக்கடிக்கு அஞ்சாத, அதிகாரத்தின் அதட்டலுக்கும் அஞ்சாத அம்மையீர்! மலைநாட்டுப் பறவை ஆய்வு நிலையத்தின் ஊழியர்களாகிய நாங்கள், தங்கள் பணி ஓய்வு நாளாகிய இன்று, அன்பும் ஆதங்கமும், பெருமையும் பெருஞ்சினமும் ஒருங்கே நிறைந்த நெஞ்சினராய் நின்று இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

பாராட்டு மடலில் சினம் எதற்கு என்று சபையிலுள்ள சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்திருந்து கேட்டால் அவர்களுக்கும் வரும்.

இதை எழுதும் பொறுப்பை உதவி ஆய்வாளர் சர்மிளாவாகிய என் தலையில் கட்டினார்கள். முன்பு ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாசித்த மடலைக் கையில் தந்து, பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். ‘புன்னகை மாறாப் பூமுகத்தினரே’ என்று தொடங்கியது. தங்களைத் தெரிந்த எவர் முன்னும் அதை வாசிக்க முடியாது. தாங்கள் புன்னகை செய்த நாட்களை நாங்கள் திருவிழா நாட்களைப் போல நினைவில் வைத்திருப்பவர்கள். ஆகவே புதிதாகவே எழுதினேன். நாள்தோறும் ‘மிஸ்’ என்று அழைத்த வாயால் இன்று ஒரு நாள் ‘அம்மையீர்’ என்று அழைப்பதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் பிழை இருந்தால் விழா முடிந்த பிறகு திருத்துங்கள். இடையில் எழுந்து திருத்த வேண்டாம்.

சபையோர் பலரும் குருவி ஆய்வுக்குப் புதியவர்கள் என்பதால் ஒரு விளக்கம். இம்மலைகளில் வெள்ளைக்கண்ணி என்றொரு சிறு பாட்டுக்குருவி உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பச்சை முதுகு, மஞ்சள் தொண்டை, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டது போல ஒரு வெள்ளை வளையம். கூட்டமாக வரும், தேயிலைக்கு நிழல் தரும் சபுக்கு மரத்தில் பூச்சி பொறுக்கும், பூவில் தேன் குடிக்கும், பார்த்து முடிப்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடும். சாதாரணக் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். உண்மையில் இந்நாட்டில் வெள்ளைக்கண்ணிகள் இரண்டு வகை. ஒன்று மலையில் வாழ்வது. அதன் முதுகு இருண்ட பச்சை, அலகு சற்றே தடித்தது, இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மற்றது தாழ்நிலமெங்கும் பரவி, மலையின் இடுப்பு வரை ஏறி வருவது. அதன் முதுகு மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. அது இங்கும் உண்டு, இந்தியாவிலும் உண்டு, இன்னும் பல நாடுகளிலும் உண்டு. உலகிலுள்ள வெள்ளைக்கண்ணி வகைகளின் மரபுக்கிளைகளை ஆராய்ந்தவர்கள், நம் மலைக்குருவிதான் மற்ற உறவுகள் எல்லாம் கிளை பிரிவதற்கு முன்பே தனிக்கிளையாகிவிட்ட மூத்த பிள்ளை என்கிறார்கள்.

நூல்களில் மலைக்குருவிக்கு இலங்கை வெள்ளைக்கண்ணி என்றும், மற்றதற்கு இந்திய வெள்ளைக்கண்ணி என்றும் பெயர். தாங்கள் மட்டும் அந்தப் பெயர்களைத் தமிழில் எழுத மறுத்தீர்கள். மலை வெள்ளைக்கண்ணி, கீழ்நாட்டு வெள்ளைக்கண்ணி என்றே பதிவுகளில் எழுதினீர்கள், எங்களையும் எழுத வைத்தீர்கள். குருவியின் கழுத்தில் நாட்டின் பெயரைக் கட்டிவிட்டால், பார்க்கிறவன் குருவியை விட்டுவிட்டு நாட்டைப் பார்ப்பான் என்பது தங்கள் வாதம். வீண் பிடிவாதம் என்று நாங்கள் தங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டதுண்டு. இப்போது அப்படிப் பேசுவதில்லை.

எது எங்கே வாழ்கிறது, எந்த உயரத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது, எங்கே இரண்டும் ஒரே கிளையில் உட்காருகின்றன என்பதுதான் தங்கள் முப்பதாண்டுப் பணி. அதற்கு முன் வந்தவர்கள் காட்டைப் பார்த்தார்கள், சரணாலயத்தைப் பார்த்தார்கள், தேயிலை மலைகளை வாகனத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். தோட்டத்தில் என்ன குருவி இருக்கப் போகிறது என்பது அவர்கள் எண்ணம். அட்டன் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து, பேராதனையில் படித்துப் பட்டம் பெற்று வந்த தாங்கள்தாம், மலைகளுக்கு நடுவே ஓடைகளை ஒட்டி விட்டுவைத்திருக்கும் காட்டுத் துண்டுகளுக்குள் நுழைந்து பார்த்தீர்கள். நாங்கள் ஓடைக்காடு என்று சொல்லும் அந்தச் சின்னச் சின்னத் துண்டுகளில்தான் மலை வெள்ளைக்கண்ணி கூடு கட்டுகிறது, அங்கிருந்துதான் தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களுக்கு இரை தேடி வருகிறது என்று கண்டு சொன்னீர்கள்.

தனியாகவும் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள், பாடசாலை ஆசிரியர்கள், கோயில் பூசாரிகள், முச்சக்கர வண்டிக்காரர்கள் என்று தோட்டங்கள் தோறும் குருவி பார்த்துச் சொல்ல ஆட்களைச் சேர்த்தீர்கள். சேர்த்துவிட்டு அவர்களைப் படாத பாடு படுத்தினீர்கள். யார் வந்து வெள்ளைக்கண்ணி கண்டேன் என்றாலும் தங்களிடமிருந்து வருவது ஒரே கேள்வி.

“முதுகைப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்றால் பதிவு இல்லை. தொண்டையைப் பார்த்தேன், பாட்டைக் கேட்டேன், கண் வளையம் பளிச்சென்று தெரிந்தது என்று எது சொன்னாலும் தாங்கள் அசைந்ததில்லை. ஒரு தோட்டத் துரை, தம் பங்களாத் தோட்டத்தில் கீழ்நாட்டு வெள்ளைக்கண்ணி வந்ததாகப் பெருமையோடு தெரிவித்தபோது, அவரையும் அதே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். துரைக்குக் கோபம். ஆனால் அடுத்த வாரம் அவரே நிலையத்துக்கு வந்து, முதுகைப் பார்த்ததாகவும் அது மலைக்குருவிதான் என்றும் ஒப்புக்கொண்டு, நம் கசப்புத் தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். நானும் கொட்டும் மழையில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்தான். அந்தக் கோபம் எனக்குப் போக வெகு நாளாயிற்று.

கினிகத்தேனையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஹுசைன் நானா இன்று கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறார். அவர் கடையின் பின்னாலுள்ள கொய்யா மரத்தில்தான் இரண்டு வெள்ளைக்கண்ணிகளும் ஒன்றாக வருவதைத் தாங்கள் உறுதி செய்தீர்கள். அந்த மரத்தடியில் தாங்கள் குடையோடு நின்ற நேரத்தைப் பார்த்து, ஏதோ வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவர் என்று ஊர் நினைத்திருக்கும். நினைத்ததாகவே நானா சொன்னார். கொய்யாவை வெட்டிவிட்டுக் கடையைப் பின்னால் இழுக்க அவருக்கு எண்ணம் இருந்தது. தங்கள் முகத்துக்காக வெட்டாமல் விட்டார். இப்படி ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் ஒரு மரத்தை விட்டுவைத்து உருவான ஆய்வு இது.

இனி நாங்கள் பேச வேண்டியதற்கு வருகிறோம்.

தலைமை அலுவலகம் வெள்ளைக்கண்ணிகளின் பரம்பல் வரைபடம் ஒன்றை அச்சிட முடிவு செய்தது. மலையகப் பாடசாலைகளுக்கெல்லாம் கொடுக்க, தமிழில், பல வண்ணத்தில். அதில் முதலில் மகிழ்ந்தவர்கள் நாங்கள்தாம். தங்கள் பதிவுகள் அனைத்தும் கொழும்புக்குப் போயின. அங்கே ஒரு தொகுப்பாளர் அமர்ந்து, தாங்கள் எழுதிய குருவிப் பெயர்களை நூற்பெயர்களாக மாற்ற வேண்டியிருந்தது. மலை என்பது இலங்கை, கீழ்நாடு என்பது இந்தியா. அவ்வளவுதான் வேலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். ஆனால் தோட்டத்துப் பதிவுகள் எல்லாவற்றிலும் ‘மலை’ என்று இருந்தது தொகுப்பாளருக்கு ஐயத்தைக் கொடுத்தது. தோட்டத்தில் எப்படி அந்த அரிய குருவி இருக்கும் என்று நினைத்தார். கேட்டுவிடலாம் என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். கேட்க நினைத்தது நல்ல காரியம். அன்று தாங்கள் கினிகத்தேனையில். தொலைபேசியை எடுத்தவர் அலுவலக உதவியாளர் லோஜன்.

குருவி பார்த்துச் சொன்ன தோட்டத்து மக்களுக்குச் சான்றிதழ் தரப்போவதாகவும், அவர்கள் விவரம் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும் என்றும் அதற்கு முந்திய வாரம் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். லோஜன் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தான். வந்த அழைப்பில் குருவி என்ற சொல்லும் இல்லை, ஆள் என்ற சொல்லும் இல்லை. கொழும்புக் குரல் இப்படித்தான் கேட்டது.

“தோட்டத்தில இருந்து வந்ததெல்லாம் என்ன இனம்? இலங்கையா, இந்தியாவா?”

“எல்லாருமே இந்தியாதாங்க சார்,” என்றான் லோஜன்.

சபையோரே, சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தமிழில் இனம் என்ற ஒரே சொல் குருவிக்கும் ஆகிறது, மனிதருக்கும் ஆகிறது. குருவி நிலையத்தில் வேலை செய்யும் லோஜனுக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் பிறப்பைப் பதியும்போது அவன் தகப்பனிடம் கேட்டார்கள், பாடசாலையில் சேர்க்கும்போது கேட்டார்கள், இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோதும் கேட்டார்கள். தேயிலைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி என்பதால், இங்கேயே பிறந்தும் தோட்டத்து மக்கள் பதிவேட்டில் இந்தியத் தமிழர். இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா என்று அதிகாரக் குரல் ஒன்று கேட்டால் எங்கள் வாய் தானாகவே பதில் சொல்லிவிடும். யோசிப்பதற்கு நேரம் எடுத்தால் ஏதோ ஒளிக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு சொல்லும். அப்படிப் பழக்கியவர்கள் யார்?

எங்கள் கோபம் லோஜன் மேல் இல்லை. ‘எல்லாருமே’ என்று சொன்னானே, அதைக் கேட்ட பிறகும் எழுதிக்கொண்டாரே, அவர் மேல்தான். குருவிக்கு யாராவது ‘எல்லாரும்’ என்பார்களா? தமிழ் தெரிந்த காதுக்கு அந்த ஒரு சொல் போதாதா, இவன் குருவியைப் பற்றிப் பேசவில்லை என்று புரிய? மறுபடி ஒரு கேள்வி கேட்டிருந்தால் குழப்பம் தீர்ந்துபோயிருக்கும். கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பதில் அவர் எதிர்பார்த்தபடியே இருந்தது.

அப்படியாக, அட்டன் முதல் நானுஓயா வரை, நுவரெலியாவைச் சுற்றிலும், தோட்டம் இருக்கும் இடமெல்லாம் வரைபடத்தில் மஞ்சள் பூசப்பட்டது. மஞ்சள் என்றால் இந்திய வெள்ளைக்கண்ணி. காட்டுப் பகுதிகளில் மட்டும் அங்கங்கே பச்சை. மலைக்குருவி தோட்டத்து எல்லைக் கல்லைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிப் போய்விடும் போலிருக்கிறது. இந்த மண்ணைத் தவிர வேறு மண் அறியாத ஒரு குருவியை, தோட்டத்தில் வாழ்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, வெளியிலிருந்து வந்ததாக எழுதிவிட்டார்கள். இப்படி எழுதிப் பழகிய கைகள் இந்நாட்டில் நிறையவே உண்டு.

இந்த வேகத்தில் நாங்கள் ஒருநாள் கீழ்நாட்டுக் குருவியையும் சேர்த்துத் திட்டினோம். தாங்கள் அப்போதும் எங்களைத் திருத்தினீர்கள். அதுவும் இந்நாட்டுக் குருவிதான், அதன் பெயரில் இந்தியா இருப்பதால் அது விருந்தாளி ஆகிவிடாது, அது இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து எத்தனை ஆயிரம் ஆண்டு ஆயிற்றோ, அதற்கு உரிய இடத்தில் அதைக் காட்டினால் அதுதான் மரியாதை என்றீர்கள்.

அச்சான வரைபடம் தங்கள் மேசைக்கு வந்த காலையை நாங்கள் மறக்கமாட்டோம். அதன் அடியில் பொன்னிறத்தில் ‘ஆய்வு: பூரணி’ என்று போட்டிருந்தார்கள். ஓய்வு பெறுபவருக்குத் தலைமை அலுவலகம் செய்த கௌரவமாம். தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தீர்கள். லோஜன் வெளிறிப்போய்க் கதவருகே நின்றான். என்ன பதில் சொன்னான் என்பதை அவனே தங்களிடம் வந்து சொன்னான். அவனுக்கு விழப்போகும் திட்டை எண்ணி நாங்கள் அடுத்த அறையில் மூச்சடக்கி இருந்தோம்.

“ஒன் மேல தப்பு இல்ல லோஜன். கேட்டவங்க முதுகைப் பாக்கல,” என்றீர்கள்.

பிறகு கொழும்புக்கு அழைத்தீர்கள். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசியதால் நாங்களும் கேட்டோம். பிழையைத் தாங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். தங்களுக்குப் பொறுமை உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னதை அப்படியே இங்கே வாசிக்கிறேன்.

“தோட்டத்தில இருக்கிறது இந்தியக் குருவி எண்டதும், அது சரியாத்தானே மிஸ் பட்டுது.”

அம்மையீர், எங்களுக்குச் சினம் மூண்ட இடம் இதுதான். அவசரத்தில் கை தவறியது என்றால் மன்னிக்கலாம். சரியாகப் பட்டதாம். மரத்தைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை, குருவியைப் பார்க்கவில்லை. தோட்டம் என்ற சொல்லைப் பார்த்தார், இந்தியா என்ற சொல் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இதற்கா ஆய்வு? இதற்கா பல வண்ண அச்சு?

திருத்தி அச்சிடக் கேட்டீர்கள். செலவாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டீர்கள். ஒரு சின்னக் குருவிக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று ஒருவர் கேட்டாராம். இறுதியில் தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்படீன்னா என் பேரை அதுல இருந்து எடுத்துடுங்க.”

அதற்கும் நிர்வாகச் சபை கூடி முடிவெடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. பெயரைப் போடும்போது எந்தச் சபையும் கூடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுப்பதற்கு மட்டும் சபை கூட வேண்டும். அந்தச் சபை கூடுவதற்குள் தாங்கள் ஓய்வு பெற்றுவிடுவீர்கள், ஓய்வு பெற்றவரின் ஆட்சேபம் கோப்பில் ஏறாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வாழ்நாள் முழுவதும் பாராத முதுகுக்குப் பெயர் சொல்லாதவர் தாங்கள். தங்கள் பெயரை ஒரு பொய்க்கு அடியில் பொன்னெழுத்தில் ஒட்டி, அதைப் பரிசு என்கிறார்கள்.

ஒரு குருவிப் படத்தால் என்ன கெட்டுவிடும் என்று இன்னும் யாராவது நினைத்தால், விழா முடிந்து வெளியே போகும்போது நிலையத்துக்கு மேலுள்ள ஓடைக்காட்டை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். மரங்களில் வெட்டுவதற்கு அடையாளமிட்ட சிவப்புச் சாயம் தெரியும். அங்கே உல்லாச விடுதி கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். பார்வையிட வந்த அதிகாரி இந்த வரைபடத்தைத்தான் விரித்துப் பார்த்தார். இங்கே இருப்பது எல்லா இடத்திலும் இருக்கும் குருவிதானே, வெட்டினால் வேறு எங்காவது போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் தாங்கள் எவ்வளவோ வாதாடினீர்கள். அவர் வரைபடத்தின் அடியிலிருந்த பெயரைத் தொட்டுக் காட்டி, இது நீங்கள்தானே என்று கேட்டார். தங்கள் பெயரை வைத்தே தங்கள் வாயை அடைத்தார்கள். அன்று மாலை தாங்கள் தனியாக மேட்டுமலை வரை நடந்தே போனீர்கள். நாங்கள் பின்னால் வரத் துணியவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமை அலுவலகப் பணிப்பாளர் அவர்களுக்கு எங்கள் வணக்கம். நீண்ட தூரம் பயணம் செய்து இவ்விழாவுக்கு வந்தமைக்கு நன்றி. தங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் பளபளப்புக் காகிதத்தில் சுற்றிச் சாய்த்து வைத்திருப்பது என்ன என்பது எங்களுக்குத் தெரியும். அதே வரைபடம், கண்ணாடி போட்டு, மரச்சட்டமிட்டு, நினைவுப் பரிசாக. இம்மடல் முடிந்ததும் அதைப் பூரணி அம்மையாரின் கையில் கொடுத்துப் படம் எடுப்பதாக நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. அவர் மரியாதை தெரிந்தவர், சபையில் மறுக்கமாட்டார், வாங்கிக்கொள்வார் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்குச் சரிதான். அவர் மறுக்கமாட்டார். அதனால் அவருக்காக நாங்கள் மறுக்கிறோம். தயவுசெய்து அதைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பாடசாலைகளுக்குக் கொடுக்கவென்று வந்த வரைபடக் கட்டுகள் நிலையத்தின் களஞ்சிய அறையில் இருக்கின்றன. அவற்றை நாங்கள் பிரிக்கமாட்டோம். ஒரு பாடசாலைக்கும் கொண்டு போய்க் கொடுக்கமாட்டோம். தோட்டத்துப் பிள்ளைகள் தம் வாசலில் நிற்கும் குருவியை அந்நியக் குருவி என்று எங்கள் கையிலிருந்து வாங்கிப் படிக்க வேண்டாம். மஞ்சள் பூசிய இடங்களுக்குப் பச்சை பூசி, ஓடைக்காடுகளைச் சரியாகக் காட்டி, அதன் பிறகு வேண்டுமானால் அடியில் பெயரைப் போடட்டும். அதற்கு முன் அம்மையாரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். இதற்காக எங்களுக்கு இடமாற்றம் வந்தால் வரட்டும். விசாரணை வந்தால் பதில் சொல்வோம். ஆனால் கேள்வியைத் தெளிவாகக் கேட்கச் சொல்லுங்கள்.

அம்மையீர், இந்த முடிவைத் தங்களிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். லோஜனுக்கு இன்னும் நிரந்தர நியமனம் வரவில்லை என்று இப்போது தாங்கள் கண்ணால் எனக்குச் சைகை செய்வது தெரிகிறது. அதை நாங்களும் அவனிடம் சொன்னோம். உன் கையெழுத்து மட்டும் வேண்டாம், நாங்கள் போட்டால் போதும் என்று எவ்வளவோ கெஞ்சினோம். அவன் கேட்கவில்லை.

“நான் சொன்ன பதில்லதான் எல்லாம் தொடங்குச்சு. என் பேருதான் மொதல்ல இருக்கணும்,” என்றான்.

முதலில்தான் இருக்கிறது.

எங்கள் மதிப்புக்குரிய மலைமகளே! தங்களை வசைபாடியே வளர்த்த வாத்தியார் என்று நாங்கள் செல்லமாகச் சொல்வதுண்டு. அந்த வசையெல்லாம் எங்களுக்கு வரமாக அமைந்தது. மழைக்கு ஒதுங்காமல் மரத்தடியில் நின்ற தங்கள் கால்களுக்கு வலி வராதிருக்கட்டும். இருண்ட பச்சைக்கும் வெளிர்பச்சைக்கும் வேறுபாடு கண்ட தங்கள் கண்கள் மங்காதிருக்கட்டும். தங்கள் குடும்பத்தார், இத்தனை ஆண்டு தாங்கள் குருவிகளுக்குக் கொடுத்த நேரத்தை இனித் திரும்பப் பெற்று மகிழட்டும். நோய் நொடியின்றி, நிறைந்த மனத்தோடு, நூறாண்டு கடந்தும் தாங்கள் வாழ வேண்டும். ஓய்வு என்ற சொல்லை மட்டும் வாழ்த்தில் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஓடைக்காடு நிற்கும் வரையாவது தங்கள் கோபம் எங்களுக்கு வேண்டும்.

மேடையை விட்டுத் தாங்கள் இறங்கும்போது கையில் இந்த மடல் ஒன்றுதான் இருக்கும். நுவரெலியாக் கடையில் சட்டமிட்டது. சட்டம் சற்றுக் கோணல். இதைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவையுங்கள். வருகிறவர்கள் பார்க்கட்டும். தலைமை அலுவலகத்துக்கும் இதன் பிரதி ஒன்றை, எங்கள் கையெழுத்துகளோடு, இன்றே கொடுத்துவிடுகிறோம். எடுக்கச் சொல்லித் தாங்கள் கேட்ட ஒரு பெயரை எடுக்க அவர்களுக்கு மனமில்லை. யாரும் கேட்காமலே நாங்கள் எங்கள் பெயர்களைக் கொடுக்கிறோம். அந்தப் பெயர் அங்கிருந்து எடுபடும் வரை, இந்தப் பெயர்கள் இங்கே இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் திட்டுக்கு என்றும் உரிய
நிலைய ஊழியர்கள்

லோஜன், அலுவலக உதவியாளர்
சர்மிளா, உதவி ஆய்வாளர்
நிஷாந்தி, எழுதுவினைஞர்
பஸ்லான், சாரதி
மதுரன், கள உதவியாளர்
அழகுமுத்து, காவலாளி

மலைநாட்டுப் பறவை ஆய்வு நிலையம், நானுஓயா